கீழ்வரிசை

எட்டாம் வகுப்பில் எனக்குப் பிடிக்காத எழுத்து ‘வ’. மற்ற எழுத்துகளை உதட்டைப் பெரிதாகத் திறக்காமலே ஒப்பேற்றிவிடலாம். ‘வ’ அப்படி விடாது. மேற்பல் கீழுதட்டில் வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும். “பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்” என்று தொல்காப்பியத்தில் இருப்பதைப் பல வருடங்கள் கழித்துப் படித்தபோது, இந்த மனிதர் அன்றைக்கே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறார் என்று தோன்றியது. காலையில் ஆசிரியை உள்ளே வந்ததும் வகுப்பே எழுந்து நின்று “வணக்கம் அம்மா” என்று இழுக்கும். நான் “ணக்கம் அம்மா” என்பேன். நாற்பது குரலில் ஒரு ‘வ’ குறைந்தால் யாருக்குத் தெரியும்? வருகைப் பதிவில் தொல்லை இல்லை. “உள்ளேன் அம்மா” என்பதை உதட்டைக் குவித்தே தொடங்கலாம்.

என் பல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேல்வரிசையின் முன்பற்கள் இரண்டிலும் குறுக்காக ஒரு பழுப்புப் பட்டை. கழுவாமல் விட்ட டீ டம்ளரில் மறுநாள் காலையில் ஒரு வளையம் தெரியுமே, அந்த நிறம். பட்டைக்குக் கீழே சுண்ணாம்பு போல வெளுத்த ஓரம். பக்கத்துப் பற்களில் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள். கீழ்வரிசையும் ஏறக்குறைய அப்படியே. எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம். அங்கே இருந்தவரை இது எனக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. எங்கள் தெருவில் பல் என்றால் அந்த நிறம்தான். ஆட்டுக்குக் கொம்பு இருப்பது போல எங்களுக்குக் காவிப் பல். அம்மாவுக்கு மட்டும் வெள்ளைப் பல். அவர் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். வெளியூர்க்காரர்களுக்கு அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்திருந்தேன். பாட்டிக்கும் வெள்ளைதான் இருந்ததாம், வெற்றிலை சிவக்க வைக்கும் வரை.

ஏன் இப்படி என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். புளியங்காய் தின்பதால் வருகிறது. மாங்காய்ப் பால் பட்டதால் வருகிறது. களி தின்பதால் வருகிறது. அடிபம்பைச் சொன்னவர்கள் யாரும் இல்லை. அடிபம்பு அரசாங்கம் கொடுத்த வரம். தூர் வாராத கிணற்றில் இறங்கித் தண்ணீர் சேந்திய கைகளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எனக்கு ஒரு தோழி இருந்தாள். பெயரை எழுதப்போவதில்லை, அவளுக்குப் பிடிக்காது. அவள் அப்பா ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் இருந்ததால் தோப்புக்காரி என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புவரை ஒரே பலகையில் உட்கார்ந்தோம். அவள் சிரித்தால் மேல் ஈறுவரை தெரியும். அவளுடைய பட்டை என்னுடையதைவிட அடர்த்தி; இடது முன்பல்லில் ஒரு மூலை உதிர்ந்தும் இருந்தது. புளியமரத்தடியில் உட்கார்ந்து உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மாங்காய் தின்போம். பல் கூசினால் நாக்கை மடித்துக்கொண்டு மறுபடியும் கடிப்போம். யார் பல் முதலில் கூசுகிறது என்பதில் பந்தயம் வேறு.

2002-இல் மழை பொய்த்தது. எங்கள் கிணறு வற்றி, அடியில் பாறை தெரிந்தது. அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனார். அந்த வருடத்தில் எங்கள் பக்கத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. என்னைச் சேலத்தில் சித்தி வீட்டில் விட்டார்கள். செவ்வாய்ப்பேட்டையை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. சித்தப்பா கொலுசுப் பட்டறையில் வேலை செய்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. சித்தி என்னை நன்றாகவே வைத்துக்கொண்டார். முதல் நாள் காலையிலேயே ஒரு புது பிரஷ்ஷும் பேஸ்ட்டும் எடுத்துக்கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

“நன்றாகத் தேய் பாப்பா. ஊரில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.”

தேய்த்தேன். மறுநாளும் பக்கத்தில் நின்றார். ஒரு வாரம் கழித்து நிற்பதை விட்டுவிட்டார். அவர் முகத்தில் தெரிந்தது கோபம் இல்லை, சந்தேகம். இவள் தேய்க்கிறாளா, தண்ணீரைக் கொப்பளித்துவிட்டு வருகிறாளா என்கிற சந்தேகம். அது என்னைச் சுட்டது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கண்ணாடி முன்னால் நின்று பல்லை மட்டும் பார்த்தேன். பதின்மூன்று வயதுவரை நான் பார்க்காத பல்.

பள்ளியில் ஜன்னலோரப் பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் நன்றாகப் படிப்பார்கள், ஒரே மாதிரி ரிப்பன் கட்டுவார்கள். நடுவில் உட்கார்ந்தவள்தான் தலைவி. அவளுக்கு முத்துப் பல். வர்ணனைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே வரிசையாக, வெள்ளையாக, எங்கள் ஊரில் நான் பார்த்தே இராத பல். எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று தெரிந்ததும் என்னையும் பெஞ்சின் நுனியில் சேர்த்துக்கொண்டார்கள். அரைப் பெஞ்சு உட்காரும் இடம். மீதிப் பாதி அந்தரத்தில். எனக்கு அது சிம்மாசனம்.

ஒரு நாள் தமிழ் வகுப்பில் “ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்ற பழமொழி வந்தது. ஆசிரியை அதை விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு முன்னால் இருந்த இரண்டு தலைகள் திரும்பிப் பார்த்தன. அவ்வளவுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளையில் ஜன்னல் பெஞ்சில் ஒருத்தி, “உங்கள் ஊரில் ஆலமரமே இல்லையா?” என்று கேட்டாள். மூவரும் சிரித்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அடுத்த வாரம் எனக்குப் பெயர் வந்துவிட்டது: டீத்தூள்.

அந்தப் பெயரை என் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை என்பதையும் எழுத வேண்டும். நான் வரும்போது “டீ குடிக்கலாமா?” என்பார்கள். பள்ளியில் டீ ஏது? எனக்குப் புரியவே மூன்று நாள் ஆனது. புரிந்த பிறகும் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் அதுதான் உறுத்துகிறது. எழுந்து போயிருக்கலாம், பின் பெஞ்சில் இடம் இருந்தது. ஆனால் அந்த வயதில் தனியாக உட்காருவதைவிட, கேலி செய்கிறவர்களோடு அரைப் பெஞ்சில் உட்காருவது மேல் என்று தோன்றியது.

பிறகு வைத்தியம் தொடங்கினேன். எலுமிச்சம்பழத்தோலில் உப்பு வைத்துத் தேய்த்தேன். அடுப்புக்கரி. செங்கல் தூள். சித்தப்பா பட்டறையில் கொலுசைக் கடைசியாகப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுக் குலுக்குவார்கள். கருத்துக் கிடந்த வெள்ளி பளிச்சென்று வெளியே வரும். அதைப் பார்த்துவிட்டுப் பூந்திக்கொட்டையை ஊறவைத்து அந்த நுரையால் பல் தேய்த்தேன். அந்தக் கசப்பை எழுதுவதற்குச் சொல் இல்லை. வாயெல்லாம் நுரை, கண்ணெல்லாம் தண்ணீர். பல் மட்டும் அப்படியே. எலுமிச்சை ஒரு காரியத்தைச் செய்துமுடித்தது: இரண்டு மாதத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே நெற்றிவரை சுரீர் என்றது. இருக்கும் எனாமலையும் அமிலத்தை ஊற்றிக் கரைத்துக்கொண்டிருந்தேன். இதைப் படிக்கும் பிள்ளைகள் யாராவது இருந்தால், எலுமிச்சையைச் சோற்றில் பிழியுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். 2003 ஜூன், மாம்பழக் காலம். மாலையில் பள்ளி விட்டு வெளியே வருகிறேன். வாசலில் ஐஸ்காரர் வண்டிக்குப் பக்கத்தில் தோப்புக்காரி நிற்கிறாள். கையில் ஒரு துணிப்பை. அவள் அப்பா சேலம் மண்டிக்கு மாம்பழ லோடு கொண்டுவந்திருக்கிறார். அவரைக் கெஞ்சி லாரியில் ஏறி, தொப்பூர் மலைப்பாதை முழுக்க மாம்பழக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். பள்ளியை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று நான் கேட்கவே இல்லை.

என்னைப் பார்த்ததும் சிரித்தாள். ஈறு தெரிய, அந்த உதிர்ந்த மூலை தெரிய, முழுசாக.

என் பக்கத்தில் ஜன்னல் பெஞ்சு மூவரும் நின்றார்கள். அவர்கள் அவள் வாயைப் பார்த்தார்கள். பிறகு என் வாயைப் பார்த்தார்கள். அந்த ஒரு நொடியில் என் முகத்தை யாரோ கழற்றி அவள் கழுத்துக்கு மேல் மாட்டியது போல இருந்தது. “யார் இது?” என்று தலைவி கேட்டாள்.

“தெரிந்தவர் வீட்டுப் பெண்” என்றேன்.

ஏழு வருடம் ஒரே பலகையில் உட்கார்ந்தவளைத் தெரிந்தவர் வீட்டுப் பெண் ஆக்குவதற்கு எனக்கு ஒரு மூச்சு போதுமானதாக இருந்தது. வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டேதான் அதைச் சொன்னேன். அந்தப் பழக்கம் அப்போதே ஒட்டிக்கொண்டிருந்தது. தோப்புக்காரியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. என் கையைப் பார்த்தாள்.

“பல்வலியா?” என்றாள்.

உண்மையான அக்கறையோடு கேட்டாள். “ஆமாம்” என்று தலையாட்டினேன். பையைக் கொடுத்தாள். “மாம்பழம் குளிர்ச்சியாக இருக்கும், கூசினால் இப்போது தின்னாதே” என்று சொல்லிவிட்டு, அப்பா மண்டியில் காத்திருப்பார் என்று கிளம்பிவிட்டாள். பையில் ஆறு பழம். அதில் மூன்றை ஜன்னல் பெஞ்சுக்குக் கொடுத்தேன்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். என் பொய்க்கு பஸ் வசதி இருந்தது. தோப்புக்காரி ஊருக்குப் போனதும் நேராக எங்கள் வீட்டுக்குப் போய், உங்கள் மகளுக்குத் தாங்க முடியாத பல்வலி, வாயைத் திறக்கவே முடியவில்லை என்று சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் காலையில் அம்மா ஒரு சின்னப் பாட்டிலில் கிராம்புத் தைலத்தோடு சித்தி வீட்டு வாசலில் நின்றார். ஆடுகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்.

“எந்தப் பல் கண்ணு?”

எந்தப் பல்லைக் காட்டுவது? ஏதோ ஒரு கடைவாயைக் காட்டினேன். அம்மா தைலத்தைத் தொட்டுவைத்தார். எரிந்தது. அப்படியும் மனம் கேட்காமல் அன்றே என்னை அரசு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

பல் பிரிவில் நீண்ட வரிசை. மருத்துவர் இளம் பெண். பயிற்சியில் இருந்தவராக இருக்கலாம். சின்னக் கண்ணாடிக் குச்சியை வாய்க்குள் விட்டு ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நன்றாகத் தேய்க்கச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“எந்த ஊர்?”

அம்மா சொன்னார்.

“போர்த் தண்ணீரா?”

“அடிபம்பு.”

“ஒரு சொத்தைகூட இல்லை. வலிப்பதற்கு இதில் ஒன்றுமே இல்லை” என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அந்த மருத்துவர் செய்ததை நான் மறக்கவில்லை. பின்னால் அத்தனை பேர் காத்திருக்க, நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு எனக்கு விளக்கினார். அம்மாவுக்கு இல்லை, எனக்கு. எங்கள் பக்கத்துப் பாறைகளில் ஃபுளோரைடு இருக்கிறது. ஆழத்தில் பாறையோடு கிடக்கும் தண்ணீரில் அது கரைகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. சில ஊர்களில் அதைத் தாண்டிப் போகிறது. நிலைப்பற்கள் வெளியே வருவதற்குப் பல வருடம் முன்பே ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் குடிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமானால் எனாமல் கெட்டியாக இறுகாமல், நுண்ணிய ஓட்டைகளோடு வரும். முளைக்கும்போது சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். பிறகு அந்த ஓட்டைகளில் நிறம் ஏறும்.

“இது அழுக்கு இல்லை. நீ பிறந்த சில வருடத்திலேயே முடிந்துபோன காரியம். தேய்த்தால் போகாது. தேய்க்காததால் வந்ததும் இல்லை” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவர் காலில் விழுந்திருப்பேன். சித்தி அங்கே இல்லையே என்று இருந்தது. அவருக்கு அதை அம்மா இரவு சொன்னபோது, சித்தி ஒன்றும் பேசாமல் எனக்கு இன்னொரு தோசை வைத்தார். பதினெட்டு வயதுக்கு மேல் வா, மேலே பூச்சு வைக்கலாம் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். இன்னும் ஐந்து வருடம்.

அம்மா மருத்துவமனையில் கேட்டதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்: தண்ணீர் சரியில்லை. ஊருக்குப் போய் அன்றிலிருந்து தம்பிக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்தே கொடுத்தார். எத்தனை சுமை விறகு எரிந்திருக்கும்! கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட, மிச்சமிருப்பதில் அது கூடத்தான் செய்யும். யாராவது வந்து சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை.

பின்னாளில் இதையெல்லாம் தேடிப் படித்தபோது ஒரு கதை கிடைத்தது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901-இல் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் போகிறார். ஊர்க்காரர்களின் பற்களில் பழுப்புக் கறை. ஏன் என்று கேட்டால், பன்றி இறைச்சி அதிகம் தின்பதால், மட்டமான பால் குடிப்பதால் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு எங்கள் ஊர்ப் புளியங்காய் ஞாபகம் வந்தது. தண்ணீரில் இருந்த ஃபுளோரைடுதான் காரணம் என்று தெரிய 1931 ஆகிவிட்டது. அன்றைய சென்னை மாகாணத்திலேயே, நெல்லூர்ப் பக்கத்தில் ஃபுளோரைடு நோய் இருப்பதை 1937-இல் எழுதிவிட்டார்கள். நான் பிறந்தது 1989-இல். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தச் செய்தி எங்கள் அடிபம்புவரை வந்து சேரவில்லை. மெக்கே இன்னொன்றையும் கவனித்திருக்கிறார்: இந்தக் கறைப் பற்கள் எளிதில் சொத்தையாவதில்லை.

அதை நான் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்விலேயே கண்டுபிடித்துவிட்டேன். சமூக அறிவியல் தேர்வன்று ஜன்னல் பெஞ்சுத் தலைவி ஒரு பக்கக் கன்னம் எலுமிச்சை அளவு வீங்கி வந்தாள். முத்துப் பல்லுக்குப் பின்னால் கடைவாயில் இரண்டு சொத்தை. கேள்வித்தாளில் கண்ணீர் சொட்டியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுத விருப்பமில்லை. டீத்தூளுக்கு ஒரு சொத்தைகூட இல்லை என்று எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. என் பையில் அம்மா விட்டுப்போன கிராம்புத் தைலம் இருந்தது. தேர்வு முடிந்ததும் கொடுத்தேன். கிணற்றடியில் அவள் வாயைத் திறந்து காட்டினாள், நான் பஞ்சில் தொட்டுவைத்தேன். அவ்வளவு பக்கத்தில் பார்த்தபோது அதுவும் சாதாரண வாய்தான். எச்சில் வடிந்தது, நாற்றம் அடித்தது. “யாரிடமும் சொல்லாதே” என்றாள். சொல்லவில்லை. ‘டீ குடிக்கலாமா’ நின்றுவிட்டது. ஆனால் நாங்கள் தோழிகளாகவும் ஆகவில்லை. பதினொன்றாம் வகுப்பில் அவள் உயிரியல் பிரிவு, நான் வணிகவியல். அதோடு சரி. அவள் முகம்கூட இப்போது தெளிவாக இல்லை.

தோப்புக்காரி முகம் தெளிவாக இருக்கிறது. அந்த வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அவள் என்னைப் பார்க்க வரவில்லை. நான்தான் போனேன். வாசலில் வேறொரு பெண்ணோடு உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். “வா” என்றாள். உட்காரப் பாய் போட்டாள். சேலத்தில் மழையா என்று கேட்டாள். பல்வலியைப் பற்றிக் கேட்கவில்லை. விருந்தாளியிடம் பேசுவது போலப் பேசினாள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இருவரும் பூக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பத்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. தேர்வு இருந்தது என்று போகவில்லை. தேர்வு நிஜமாகவே இருந்தது.

இருபத்து நான்கு வயதில், கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த வருடம், பல்லைச் சரிசெய்தேன். பல்லுக்கு 1500 ரூபாய் என்றார்கள். கையில் இருந்தது ஆறு பல்லுக்குத்தான் போதுமானதாக இருந்தது. மேல்வரிசையில் கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல்வரை. அமிலக் களிம்பு தடவிக் கழுவி, பல் நிறத்தில் ஒரு பசையை அடுக்கடுக்காக வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கினார்கள். இரண்டு மணி நேரம். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது நடத்துநரிடம் “வடவள்ளி ஒன்று” என்றேன். ‘வ’ இரண்டு. கையை எடுத்து வாயைப் பொத்தப் போனதைப் பாதியில் நிறுத்தினேன். அந்தக் கை இன்றைக்கும் சில நேரம் தானாக எழும்புகிறது. பூச்சு நிரந்தரமும் இல்லை. டீயும் மஞ்சளும் பட்டுப்பட்டு நிறம் மங்க, ஒரு தடவை எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது.

அதே 2013-இல்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் திறந்தார்கள். 2008-இல் அடிக்கல் நாட்டி, கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பி, ஜப்பான் கடனில் கட்டி முடித்த திட்டம். திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருந்தது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் ஒகேனக்கல் கூப்பிடு தூரம். காவிரி அத்தனை சத்தமாகப் பக்கத்தில் விழுந்துகொண்டிருக்க, நாங்கள் பாறையைத் துளைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம்.

போன வருடம் தம்பி மகனுக்குக் காதுகுத்து. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

“பல்வலி எப்படி இருக்கிறது?”

திரும்பினால் தோப்புக்காரி. தலையில் கொஞ்சம் நரை. அதே சிரிப்பு, ஈறு தெரிய. உதிர்ந்த மூலை இன்னும் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சேலத்திலிருந்து திரும்பி வந்த வாரமே அம்மா ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்: வலியே இல்லையாம், பொய் சொல்லியிருக்கிறாள். இருபது வருடம் அதை வைத்திருந்து, சாம்பார் வாளிக்கு முன்னால் எடுத்துக் கேட்கிறாள்.

“போகவில்லை” என்றேன்.

“எங்கே, காட்டு.”

காட்டினேன். மேல்வரிசையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். விரலால் என் கீழுதட்டை, ஆட்டுக்குப் பல் பார்ப்பது போல, இழுத்துவிட்டாள்.

“கீழே இன்னும் நம் ஊர்தான்” என்றாள்.

பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் சாம்பாருக்குக் கூப்பிட்டார்கள். சாப்பாடு முடிந்து இருவரும் திண்ணையில் உட்கார்ந்தபோது தன் மகளைக் கூப்பிட்டாள். ஒன்பது வயது. மேலே முன்பற்கள் இரண்டும் முளைத்து, முகத்துக்குப் பொருந்தாத பெரிய பற்களாக, அரத்தின் விளிம்பு போல மேடு பள்ளத்தோடு இருந்தன. “அத்தைக்குப் பல்லைக் காட்டு” என்றாள். அந்தப் பிள்ளை கூச்சமே இல்லாமல் காட்டியது. வெள்ளை. இரண்டாவது தடவை பார்த்தபோது இடது பல்லின் ஓரத்தில் மெல்லிய சுண்ணாம்புக் கோடு போல ஒன்று.

“அதுவா இது?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“லேசாக இருக்கிறது. இதற்கு மேல் போகாமலும் இருக்கலாம். பல் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடு” என்றேன். அவள் தலையாட்டினாள். வீட்டில் இரண்டு குடம் வைத்திருக்கிறாளாம். பச்சைக் குடம் ஒகேனக்கல் தண்ணீருக்கு, குடிக்கவும் சமைக்கவும். நீலக் குடம் போர்த் தண்ணீருக்கு, மற்ற எல்லாவற்றுக்கும். குழாயில் ஒரு வாரம் வராவிட்டால் பச்சைக் குடத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் கேன் வாங்குகிறாள். கேன் வாங்கப் பணம் இல்லாத வாரங்களும் இருந்திருக்கின்றன, இவள் கைக்குழந்தையாக இருந்தபோது.

பிள்ளை அதற்குள் மாங்காயோடு வந்து உட்கார்ந்திருந்தது. உப்பும் மிளகாய்த்தூளும் ஒரு காகிதத்தில். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கீற்றை நீட்டியது. தோப்புக்காரி கடித்தாள். நான் பூச்சு உடைந்துவிடும் என்று கடைவாயில் ஒதுக்கிக் கடித்தேன். முதலில் எனக்குத்தான் கூசியது.